நாலாயிரம் கீறல்கள்: வர்ஜீனியா பல்கலைக்கழக நினைவிடம் குறித்து ஒரு மதிப்புரை

மழை விட்டுச் சற்று நேரத்தில் அந்தச் சுவரின் முன் போய் நின்றேன். சாம்பல் நிறத்தில் வெண்புகைபோல் கோடுகள் ஓடும் அந்தக் கருங்கல், நனைந்தபின் ஏறத்தாழக் கறுப்பாகவே மாறியிருந்தது. கல்லில் கிடைமட்டமாக வெட்டப்பட்ட சிறு கீறல்களில் தண்ணீர் தங்கி, நிறைந்து, விளிம்பில் துளியாகத் திரண்டு, மெல்லிய கோடாகக் கீழே வழிந்தது. ஒரு கீறலுக்குள் விரல்நுனியை வைத்துப் பார்த்தேன். வெளியே வழவழப்பாக இருந்த கல் உள்ளே சொரசொரத்தது. அந்தக் கீறலுக்கு மேலே பெயர் ஏதும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. சிறிது தள்ளி ஒரு கீறலுக்கு மேல் 'தாய்' என்ற ஒரு சொல் மட்டும் பொறிக்கப்பட்டிருந்தது. யாருடைய தாய், எந்த வீட்டில் இருந்தவர், எத்தனை பிள்ளைகளைப் பெற்றவர் என்பதெல்லாம் இல்லை. அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், 2020ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டு, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 ஏப்ரலில் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்ட நினைவிடம் இது. 'அடிமைப்படுத்தப்பட்ட உழைப்பாளர்களுக்கான நினைவிடம்' என்பது இதன் பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு கவனம் இருக்கிறது. 'அடிமை' என்று சொல்லும்போது அது ஒருவரின் பிறவிக்குணம்போல ஒலித்துவிடுகிறது. 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று சொல்லும்போதுதான் அவரை அப்படி ஆக்கியவர் ஒருவர் இருந்தார் என்பது வாக்கியத்துக்குள் வருகிறது. 'உழைப்பாளர்' என்ற சொல் அடுத்த உண்மையைச் சொல்கிறது: இவர்கள் பரிதாபத்துக்குரிய உருவங்களாக மட்டும் வாழ்ந்தவர்கள் அல்லர், செங்கல் சுட்டவர்கள், கல் தூக்கியவர்கள், மரம் இழைத்தவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், மணியடித்தவர்கள்.

இந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் வடிவமைத்தது. ரொட்டண்டா எனப்படும் குவிமாடக் கட்டடமும், அதன் முன் விரியும் புல்வெளியும், இருபுறமும் வரிசையாக நிற்கும் மாளிகைகளும் 1987ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அதே கை, வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த முரண். சார்லட்ஸ்வில்லுக்குப் போகும்வரை அதை நான் ஒரு மனிதரின் வாழ்க்கையிலுள்ள முரணாகவே நினைத்திருந்தேன். அந்த முரண் கட்டடமாகவே எழுப்பப்பட்டிருப்பதை அங்கேதான் கண்டேன். மாளிகைகளின் பின்னால் இருக்கும் தோட்டங்களைப் பாம்புபோல் வளைந்து செல்லும் செங்கல் சுவர்கள் சூழ்ந்திருக்கின்றன. இன்று அவற்றின் அழகை எல்லோரும் புகைப்படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவர்களுக்கு உள்ளேதான் விறகு பிளப்பதும், துவைப்பதும், பன்றி அறுப்பதும், பேராசிரியர் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் வேண்டிய வேலைகள் எல்லாமும் நடந்தன. புல்வெளியில் நடப்பவரின் கண்ணுக்கு உழைப்பவர் தெரியக் கூடாது என்பதும் அந்த அழகின் ஒரு பகுதி.

1817 முதல் 1865 வரை ஏறத்தாழ 4,000 பேர் இங்கே அடிமைகளாக உழைத்தனர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவர்களில் நினைவிடம் எழுந்தபோது பெயர் தெரிந்தவர்கள் 578 பேர். மேலும் 311 பேரைப் பற்றித் தெரிந்தது அவர்களுடைய தொழிலோ உறவோ மட்டும்தான். மீதமுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி அதுகூட இல்லை. இப்படி நேர்ந்ததற்குக் காரணம் மறதி அன்று. பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஆட்களைத் தானே விலைக்கு வாங்காமல், சுற்றுவட்டார உடைமையாளர்களிடமிருந்து ஆண்டுக் கூலிக்கு வாடகைக்கு எடுத்தது. அந்தக் கணக்கேடுகளில் யாருக்குப் பணம் போனது என்பது துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். உழைத்தவர் யார் என்பது 'ஓர் ஆள்' என்ற அளவிலேயே நின்றுவிடும். 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் படிவம் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும், அடிமைப்படுத்தப்பட்டவரின் வயதும் பாலினமும் நிறமும் இருக்கும், பெயர் இராது. 1832இல் பல்கலைக்கழகம் லூயிஸ் கமோடோர் என்ற மணியடிப்பவரை 580 டாலருக்கு வாங்கியது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவருக்காகக் காசு கைமாறியதுதான். ஆக, பெயர் தொலைந்துவிட்டது என்று சொல்வது சரியன்று. அது எழுதப்படவே இல்லை.

எழுதப்படாத ஒன்றை எப்படிக் கல்லில் எழுதுவது என்பதுதான் இந்த நினைவிடத்தை வடிவமைத்தவர்கள் முன் இருந்த உண்மையான கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடை, எனக்குத் தெரிந்த நினைவுச்சின்னங்கள் எதிலும் காணாத நேர்மை உடையது. வெளிவட்டச் சுவரின் உட்புறம் முழுவதும் 4,000 கீறல்கள், ஆளுக்கு ஒன்றாக. பெயர் தெரிந்தால் கீறலுக்கு மேல் பெயர். பெயர் தெரியாமல் தொழில் தெரிந்தால் தொழில். உறவு தெரிந்தால் உறவு. எதுவும் தெரியாவிட்டால் கீறல் மட்டும். இவற்றை 'நினைவுக் குறிகள்' என்று அழைக்கிறார்கள். வரிசை கட்டி நிற்காமல், காற்றில் சிதறியதுபோல், இடையிடையே பெரும் வெற்றிடம் விட்டு, சுவரின் வளைவோடு சேர்ந்து அவை ஓடுகின்றன. ஒரு பெயரை வாசித்துவிட்டு அடுத்த பெயரைத் தேடிக் கண்ணை நகர்த்தும்போது, இடையில் இருபது முப்பது வெறுங்கீறல்களைக் கடந்தாக வேண்டும். அப்படிக் கடப்பதிலேயே 4,000 என்ற எண்ணின் பாரம் உடம்பில் ஏறுகிறது.

பெயர்ச்சுவர் என்பது புதிய உத்தி அன்று. வாஷிங்டனில் 1982இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச்சுவருக்குப் பிறகு உலகம் முழுவதும் அது பழக்கமாகிவிட்டது. ஆனால் அத்தகைய சுவர்கள் எல்லாம் முழுமையான பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்பவை. போர்வீரனுக்கு ராணுவம் பதிவேடு வைத்திருந்தது. நடுகல் நட்ட மரபில் வந்த நமக்கும், கல் என்றால் அதில் வீரனின் பெயரும் அவன் செய்த செயலும் இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. இங்கே கல் இருக்கிறது, இடம் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. இல்லாத பெயருக்குப் பதிலாக 'அறியப்படாதோர்' என்ற ஒற்றைச் சொல்லை ஓரத்தில் பொறித்துக் கணக்கை முடித்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். இவர்கள் அதைச் செய்யவில்லை. தெரியாத ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் வெட்டி, நாளை யாராவது ஓர் ஆவணத்தில் பெயரைக் கண்டெடுத்தால் அங்கேயே பொறிக்கும்படி விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கீறல் வேறொன்றையும் சொல்கிறது. சவுக்கால் அடிபட்ட முதுகின் தழும்பு அது. யாரும் எடுத்துச் சொல்லாமலேயே கை அதை உணர்ந்துகொள்கிறது. இந்த இடத்தில்தான் இந்த வடிவமைப்பைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்பும் கருத்து இருக்கிறது. நினைவுச்சின்னங்களில் குறியீடுகள் இருவகை. தகவல் பலகையைப் படித்த பிறகே புரிவது ஒருவகை; பலகையைப் படிப்பதற்கு முன்பே உடம்பைத் தொட்டுவிடுவது மற்றொரு வகை. இந்த நினைவிடத்தில் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு வலிமையோடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒட்டுமொத்த வடிவம் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு வளையங்கள். வெளிவளையத்தின் விட்டம் 80 அடி. அருகிலிருக்கும் ரொட்டண்டாவின் அளவை எதிரொலிக்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. வளையம் முழுமையாக மூடப்படாமல் திறந்து கிடப்பதால் அது உடைந்த கைவிலங்கைக் குறிக்கிறது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வட்டமாக நகர்ந்து, கைதட்டி, பாடி வழிபட்ட 'ரிங் ஷவுட்' என்ற வட்ட ஆட்டத்தையும் அது நினைவூட்டுகிறது. காகிதத்தில் இது மிக அழகான எண்ணம். வானிலிருந்து எடுத்த படத்திலும் அழகாகத் தெரிகிறது. ஆனால் தரையில் நடந்துவருபவருக்கு விலங்கு தெரிவதில்லை. சரிவான புல்தரையிலிருந்து மெல்ல எழுந்து, ஆளுயரத்தைத் தாண்டி, மீண்டும் தாழ்ந்து மண்ணோடு சேரும் ஒரு வளைந்த சுவர்தான் தெரிகிறது. ரொட்டண்டாவின் அளவோடு ஒத்துப்போவதும் அப்படியே. சொன்னால் ஆச்சரியமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஜெபர்சனின் குவிமாடத்துக்குச் சமமான அளவை அவரால் அடக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்குவது பெரிய செயல்தான். அந்தச் சமநிலையைக் கண்ணால் கண்டுகொள்ள வழியும் இருந்திருந்தால் இன்னும் பெரிய செயலாக இருந்திருக்கும்.

வட்டம் வேறொரு வகையில் தன் வேலையைச் செய்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. உள்ளே புல்தரை இருக்கிறது. அங்கே நின்றால் சுவர் நம்மைச் சுற்றி வந்து அணைத்துக்கொள்கிறது. சாலையின் இரைச்சல் தணிகிறது. எதிர்ப்பக்கம் நிற்பவரின் முகம் தெரிகிறது. வரிசையில் வந்து பார்த்துவிட்டு வரிசையில் வெளியேறும் இடமாக இல்லாமல், கூடி நிற்கும் இடமாக அது இருக்கிறது. நான் இருந்தபோது ஒரு மூதாட்டியும் அவருடைய பேரன் வயதுள்ள சிறுவனும் வந்தார்கள். மூதாட்டி ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்துக்கொண்டே நடந்தார். வெறுங்கீறல்கள் வந்த இடங்களில் சிறுவன் அவற்றை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தான். யாரும் அவர்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கல்லே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவத்தின் நல்ல பண்புகள் பலவும் அது வந்த வழியிலிருந்தே பிறந்தவை. 2007இல் பல்கலைக்கழகம் ரொட்டண்டாவின் அடிப்பகுதியில் ஒரு சிறு கற்பலகையை வைத்தது. 1817க்கும் 1826க்கும் இடையே ஜெபர்சனின் வடிவமைப்பு நனவாக உதவிய, சுதந்திரமானவர்களும் அடிமைகளுமான சில நூறு ஆண் பெண்களைப் போற்றுவதாக அதன் வாசகம் இருந்தது. 'உதவிய' என்ற சொல்லையும், எண்ணிக்கை 'சில நூறாக'ச் சுருங்கியதையும், 1826க்குப் பிறகு 39 ஆண்டுகள் காணாமல் போனதையும் மாணவர்கள் பார்த்தார்கள். 2010இல் உரிய நினைவிடம் வேண்டும் என்ற முயற்சியைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். 2013இல் பல்கலைக்கழகம் தன் அடிமை வரலாற்றை ஆராய ஆணையம் ஒன்றை அமைத்தது. ஹோவலர், யூன் ஆகியோரின் கட்டடக்கலை நிறுவனம், அதே பல்கலைக்கழகத்தில் படித்தவரான மேபல் வில்சன், நிலவடிவமைப்பாளர் கிரெக் பிளீம், சிற்பி எட்டோ ஒட்டிடிக்பே ஆகியோர் கொண்ட குழு, வரைவதற்கு முன் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடமும் நகரத்தின் கறுப்பின மக்களிடமும் போய்ப் பல மாதங்கள் கேட்டது. 2017 ஜூனில் வடிவத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டே மாதங்களில், ஆகஸ்ட் 11ஆம் தேதி இரவு வெள்ளை இனவெறியர்கள் தீப்பந்தங்களோடு அதே பல்கலைக்கழகப் புல்வெளியின் வழியே ரொட்டண்டாவரை முழக்கமிட்டு நடந்தார்கள்.

வழித்தோன்றல்களும் நகரத்துக் கறுப்பின மக்களும் வடிவமைப்புக் குழுவிடம் கேட்ட முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று, நினைவிடம் வளாகத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கக் கூடாது என்பது. நகரத்துக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தப் புல்வெளி தலைமுறை தலைமுறையாக உழைக்க மட்டுமே அழைக்கப்பட்ட இடம். அங்கே போய் அஞ்சலி செலுத்துவது வேறொருவர் வீட்டு முற்றத்தில் அழுவதுபோல் ஆகிவிடும். ஆகவே ரொட்டண்டாவுக்குக் கிழக்கே, கடைத்தெருவை நோக்கிய திறந்த சரிவில் இடம் தேர்ந்தார்கள். மதில் இல்லை, கட்டணம் இல்லை, கதவு இல்லை. சாலையில் நடந்துபோகிறவர் திரும்பினால் நேரே உள்ளே வந்துவிடலாம். மறைக்கும் பொருட்டு எழுப்பிய தோட்டச் சுவர்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு, காட்டும் பொருட்டு எழுப்பிய இந்தச் சுவரின் பொருள் தானே விளங்கும். கல்லும் உள்ளூர்க் கல்தான். அதே மாநிலத்தின் கல்பெப்பர் மாவட்டத்துச் சுரங்கத்தில் வெட்டிய 'வர்ஜீனியா மிஸ்ட்' கருங்கல். செங்கல்லும் வெள்ளைத் தூணுமாக இருக்கும் அந்த வளாகத்தில் அந்தக் கல்லின் இருண்ட நிறம் எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்கிறது. அப்படித் தனித்து நிற்பதே சரி.

உள்வளையம் இடுப்புக்குக் கீழான உயரத்தில், மேடைபோல் வளைந்து செல்லும் கல். அதன் மேற்பரப்பில் ஒரு காலவரிசை பொறிக்கப்பட்டு, எழுத்துகளின் மேல் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடுகிறது. 1619இல் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டதில் தொடங்கி, 1889இல் இசபெல்லா கிப்பன்ஸ் என்ற பெண்ணின் மரணத்தில் முடிகிறது. தண்ணீருக்குப் பல பொருள்கள் சொல்கிறார்கள்: அட்லாண்டிக் கடலைக் கடந்த பயணம், முன்னோருக்கு நீர் வார்க்கும் ஆப்பிரிக்க வழக்கம், ஞானஸ்நானம், விடுதலைக்காகக் கடந்த ஆறுகள். ஒரே தண்ணீருக்கு இத்தனை பொருளைச் சுமத்த வேண்டியதில்லை என்றே எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் குறிப்பது எதையும் அழுத்திக் குறிப்பதில்லை. வாசிப்பதும் எளிதன்று, ஓடும் நீரின் மினுமினுப்பில் எழுத்து நெளிகிறது, குனிந்து, தலையைச் சாய்த்து, ஒளி படும் கோணத்தைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இதை ஒரு குறையாக முதலில் குறித்துவைத்தேன். பிறகு, இந்த வரலாற்றை நிமிர்ந்து நின்றபடி ஒரே பார்வையில் படித்துவிட்டுப் போக முடியாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. ஆனாலும், கண்பார்வை குறைந்த முதியோரும் தவறவிடக் கூடாத வரிகள் அவை. அருகில் நின்று படித்துச்சொல்ல ஒருவரை அழைத்துச்செல்வது நல்லது.

அந்தக் காலவரிசையின் பின்னால் கிடக்கும் ஆவணங்கள் கொடியவை. 1856இல் ஒரு மாணவன் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் நினைவிழக்கும்வரை அடித்தான். விசாரித்த பேராசிரியர்களிடம், இத்தகைய மக்களைக் கீழ்ப்படிதலில் வைத்திருக்க அது தேவை என்ற பொருளில் அவன் வாதிட்டான். அவன் சொன்ன வாதம் ஏட்டில் இருக்கிறது. 2012இல் பல்கலைக்கழகக் கல்லறைத் தோட்டத்தை விரிவாக்க முற்பட்டபோது, அதன் எல்லைக்கு வெளியே அடையாளமற்ற 67 புதைகுழிகள் தெரியவந்தன. அவற்றில் கிடப்பவர்கள் யாரென்று சொல்லும் கல் ஒன்றுகூட அங்கே இருந்ததில்லை. சுவரில் பெயரில்லாமல் நிற்கும் மூவாயிரத்துச் சொச்சம் கீறல்களில் எவை அந்தக் குழிகளுக்கு உரியவையோ.

சுவரின் வெளிப்புறத்துக்கு வருகிறேன். உட்புறம் வழவழப்பாக இருக்க, வெளிப்புறம் கொத்திய கல்லாக, மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடுவதாக இருக்கிறது. முதல்முறை அதைச் சுற்றி நடந்தபோது வெறும் கரடுமுரடான பரப்பு என்றே நினைத்துக் கடந்துவிட்டேன். மாலையில் வெயில் சாய்ந்தபின் மீண்டும் அந்தப் பக்கம் வந்தபோது, கல்லிலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒட்டிடிக்பே அந்தக் கோடுகளின் ஆழத்தையும் அகலத்தையும் மாற்றி மாற்றிச் செதுக்கி, இசபெல்லா கிப்பன்ஸின் பழைய புகைப்படத்திலிருந்த கண்களைக் கல்லுக்குள் கொண்டுவந்திருக்கிறார். ஒளி சரியாக விழும்போது, சரியான தொலைவில், சரியான கோணத்தில் மட்டுமே அவை தெரிகின்றன. ஓர் அடி முன்னே எடுத்து வைத்தால் மறைந்துவிடுகின்றன. இது தகவல் பலகையை நம்பாத குறியீடு. அங்கேயே இருந்தும் பார்க்கப்படாமல் இருந்தவர்களைப் பற்றி இதைவிடச் சிறப்பாகக் கல்லால் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கண்களுக்கு உரியவர் இங்கே ஒரு பேராசிரியர் வீட்டில் அடிமையாகச் சமைத்தவர். அவருடைய கணவர் வில்லியம் வேறொரு பேராசிரியரின் வீட்டில் அடிமையாக இருந்ததால் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியவில்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்தில் இசபெல்லா படிக்கக் கற்றார், தன் மகளுக்கும் கற்பித்தார். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும், விடுதலை பெற்றவர்களுக்காக நகரில் தொடங்கிய பள்ளியில் ஆசிரியையானார். வில்லியம் திருச்சபைப் போதகரானார். 1867இல் இசபெல்லா எழுதிய வரிகள் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சவுக்கின் ஓசையையும், ஏலம் விட்ட மேடையையும், கைவிலங்கையும், கழுத்தில் மாட்டிய இரும்பு வளையத்தையும், தாயின் மார்பிலிருந்து குழந்தையைப் பிடுங்கிய அடிமை வணிகனையும் நாம் மறக்க முடியுமா என்று அவர் கேட்கிறார். மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம் என்று அவரே விடையும் சொல்கிறார். மற்றவர்களைப் பற்றி உடைமையாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளையே நம்பியிருக்க வேண்டிய இந்த இடத்தில், அடிமைப்பட்டிருந்த ஒருவர் தன் கையால் எழுதிய சொற்கள் இருப்பது தனிப் பெறுமதி உடையது. காலவரிசையை விடுதலை ஆண்டான 1865இல் முடித்துவிடாமல், ஓர் ஆசிரியையின் மரணம்வரை கொண்டுசென்றவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்த நினைவிடத்தில் மனித உருவச்சிலை எதுவும் இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். வாஷிங்டன் நகரின் லிங்கன் பூங்காவில் 1876இல் நிறுவப்பட்ட விடுதலை நினைவுச்சின்னத்தை நினைத்துப் பார்த்தால் அந்தக் குறை குறையாகத் தெரியாது. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற சார்லட் ஸ்காட் என்ற வர்ஜீனியப் பெண் தன் முதல் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்த 5 டாலரில் தொடங்கி, விடுதலை பெற்றவர்களின் பணத்தால் எழுப்பப்பட்டது அது. அப்படியிருந்தும், வடிவத்தைத் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர். லிங்கன் நிமிர்ந்து நின்று கையை நீட்ட, கறுப்பின மனிதர் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறார். அதைத் திறந்துவைக்கும் விழாவில் உரையாற்றிய, அடிமைத்தனத்திலிருந்து தப்பி அடிமை ஒழிப்புத் தலைவரான பிரெடரிக் டக்ளஸே, தான் சாவதற்குள் மண்டியிடாமல் நிமிர்ந்து நிற்கும் கறுப்பின மனிதரின் சின்னத்தைப் பார்க்க விரும்புவதாகச் சில நாட்களில் எழுதினார். பாஸ்டனில் இருந்த அதன் பிரதி 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. சார்லட்ஸ்வில்லின் சுவரில் யாரும் மண்டியிடவில்லை, காப்பாற்றுகிறவரும் இல்லை. குனிய வேண்டியவர் பார்க்க வந்தவர்தான்.

பிரான்சின் நான்ட் நகரில் லுவார் ஆற்றங்கரையில் 2012இல் திறக்கப்பட்ட நினைவிடத்தையும் இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. அங்கே நடைபாதையில் 2,000 கண்ணாடிப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அந்தத் துறைமுகத்திலிருந்து அடிமை வணிகத்துக்குப் புறப்பட்ட கப்பல்களின் பெயர்கள். வலுவான வடிவம்தான். ஆனால் கப்பல்களின் பெயர்கள் தேதியோடு கிடைக்கின்றன, கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. வணிகம் தனக்கு வேண்டியதை மட்டும் பதிந்துவைத்தது. நான்ட் அந்த ஏட்டை அப்படியே தரையில் விரித்துக் காட்டுகிறது. சார்லட்ஸ்வில் ஏட்டில் விடுபட்ட இடத்தைக் கல்லில் வெட்டிக் காட்டுகிறது. இரண்டில் பின்னதே எனக்கு நெருக்கமானது.

திசைகளைப் பற்றி ஒரு குறிப்பு. உள்ளே நுழையும் பாதைகளில் ஒன்று வடமீனை நோக்கி அமைந்திருக்கிறது. தப்பியோடியவர்கள் இரவில் வழி தேடிய விண்மீன் அது. மற்றொன்று மார்ச் 3ஆம் தேதி சூரியன் மறையும் திசைக்கு ஒத்திருக்கிறது. 1865 மார்ச் 3 அன்றுதான், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்கின் ஒன்றியப் படைகள் சார்லட்ஸ்வில்லுக்குள் வந்தன. அப்போது அந்த மாவட்டத்தின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். ஆக நகரம் 'வீழ்ந்த' நாள் பெரும்பான்மையோருக்கு விடுதலை நாள். இன்று நகரம் அந்தத் தேதியை விடுதலை நாளாகவே கொண்டாடுகிறது. ஜெபர்சனின் பிறந்தநாளுக்கு அளித்துவந்த விடுமுறையை 2019இல் கைவிட்டது. இந்தத் திசையமைப்பும் சொன்னால்தான் தெரியும் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒரு மாலை அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதால், வளையத்தைவிட இதற்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

போக விரும்புவோருக்கு: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அரைமணியில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் உட்சுவரோடு நேரம் போய்விடும், வெளிச்சுவரைப் பார்க்காமல் திரும்பிவிடுவீர்கள். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் செல்லுங்கள். உச்சிவேளையில் கண்கள் தெரியமாட்டா. மழை வந்துவிட்டதே என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் ஜெபர்சனின் புல்வெளியையும் அதன் பின்னாலுள்ள வளைந்த தோட்டச் சுவர்களையும் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வாருங்கள். வரிசை மாறினால் பாதிப் பொருள் போய்விடும். குழந்தைகளை அழைத்துச் செல்லலாம், சொல்ல வேண்டியதை வழியிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

திரும்பும் முன் இன்னும் சற்று நடக்க முடிந்தால், புல்வெளியின் தெற்கே கேத்தரின் பாஸ்டர் வாழ்ந்த இடத்துக்குப் போங்கள். கிட்டி என்று அழைக்கப்பட்ட அவர் சுதந்திரக் கறுப்பினப் பெண், தையல் வேலை செய்தவர், 1833இல் அங்கே சொந்தமாக நிலம் வாங்கியவர். வீடு இப்போது இல்லை. அது நின்ற இடத்துக்கு மேலே, வீட்டின் அளவிலேயே ஓர் உலோகச் சட்டகம் உயரத்தில் நிற்கிறது. வெயில் இருக்கும்போது அதன் நிழல் தரையில் வீட்டின் எல்லையை வரைகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது மேகம் விலகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வெயில் வந்தது, புல்லின் மேல் ஒரு வீட்டின் கோடுகள் விழுந்தன. வாசல் இருந்திருக்கும் என்று தோன்றிய பக்கமாக நடந்து உள்ளே போனேன்.